கீரையில் இருக்கிறது, ரத்தத்தில் ஏறவில்லை

துணை சுகாதார நிலையத்தின் சுவரில் ஒரு படம் தொங்கும். முருங்கைக்கீரை, கேழ்வரகு, பேரீச்சம்பழம், வெல்லம், பீட்ரூட், மாதுளை எல்லாம் வரைந்து, கீழே 'இரும்புச்சத்து நிறைந்த உணவுகள்' என்று எழுதியிருப்பார்கள். தமிழ்நாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் ஏறக்குறைய இதே படம்தான். விரலில் ஊசி குத்திச் சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்த நர்சம்மா, "ரத்தம் கம்மியா இருக்கு, கீரை நிறையச் சாப்பிடும்மா" என்பார். அந்தப் பெண்ணும் தலையாட்டுவாள். பெரும்பாலும் அவள் வீட்டுக் கொல்லையிலேயே முருங்கை மரம் நிற்கும்.

2019–21இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. இந்திய அளவில் இது 57. இந்திய ஆண்களில் 25. விரல் நுனியில் எடுக்கும் ரத்தம் கணக்கைக் கூட்டிக் காட்டுகிறது, கையிலிருந்து சிரை ரத்தம் எடுத்துச் சோதித்தால் எண்ணிக்கை குறையும் என்று நிபுணர்கள் சிலர் வாதிடுகிறார்கள். அதில் நியாயம் உண்டு. குறைத்தே வைத்துக்கொண்டாலும், முருங்கைக்குப் பஞ்சமில்லாத ஊரில் ரத்தசோகைக்கும் பஞ்சமில்லை என்பது மாறப்போவதில்லை.

படத்திலிருந்து இரண்டை முதலிலேயே எடுத்துவிடலாம். பீட்ரூட்டும் மாதுளையும் நிறத்தைக் காட்டி உள்ளே நுழைந்தவை. பீட்ரூட்டின் சிவப்பு பீட்டாலெய்ன் என்ற நிறமி. மாதுளையின் சிவப்பு ஆந்தோசயனின். இரண்டிலும் 100 கிராமுக்கு 1 மில்லிகிராம் இரும்புகூடக் கிடையாது. நல்ல காய், நல்ல பழம்; ஆனால் ரத்தத்தின் நிறத்தில் இருப்பதெல்லாம் ரத்தம் ஊறவைக்கும் என்பது வெறும் நம்பிக்கை.

மற்றவற்றில் இரும்பு இருக்கத்தான் செய்கிறது. கேழ்வரகில் 100 கிராமுக்கு ஏறக்குறைய நாலரை மில்லிகிராம். அப்படியானால் சிக்கல் எங்கே?

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரையில், கர்ப்பமில்லாத ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்பு என்று வைத்தது. அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. நம் உணவிலுள்ள இரும்பில் 8 விழுக்காடுதான் குடலைத் தாண்டி உள்ளே போகும் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். 29இல் 8 விழுக்காடு என்றால் 2.3 மில்லிகிராம். உடம்புக்கு நிஜமாகத் தேவைப்படுவது அவ்வளவுதான். மிச்சம் 27 மில்லிகிராம் வந்த வழியே வெளியே போய்விடும். ஒரு பெண்ணின் இரும்புக் கணக்கைத் தீர்மானிப்பது, தட்டில் விழுந்தது எவ்வளவு என்பதைவிட, இந்த 8 என்ற எண் 4 ஆகிறதா 16 ஆகிறதா என்பதே. சுவர்ப் படம் இதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

இந்த விழுக்காடு காய்க்குக் காய் எப்படி மாறுகிறது என்று அளந்த பழைய ஆய்வு ஒன்று 1983இல் வெளிவந்தது. ஆய்வுக்கு உட்பட்டவர்கள் தென்னாப்பிரிக்காவில் வாழும் இந்திய வம்சாவளிப் பெண்கள். நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழர்களின் கொள்ளுப்பேத்திகள் வாழும் நாடு அது. ஒவ்வொரு காயையும் 3 மில்லிகிராம் இரும்பு இருக்கும்படி சமைத்து, அடையாளத்துக்குச் சிறிதளவு கதிரியக்க இரும்பையும் சேர்த்துக் கொடுத்து, பிறகு ரத்தத்தில் எவ்வளவு வந்து சேர்ந்தது என்று பார்த்தார்கள். கத்தரிக்காயில் 1 விழுக்காடுகூட ஏறவில்லை. பசலை வகைக் கீரையில் 1.4. பூசணியில் சுமார் 20, தக்காளியில் 22, காலிஃப்ளவரில் 26, முட்டைக்கோஸில் 32.

இதைப் படித்துவிட்டு நாளையிலிருந்து கீரைக்குப் பதில் முட்டைக்கோஸ் என்று முடிவெடுத்துவிட வேண்டாம். முட்டைக்கோஸில் இரும்பே சொற்பம். 3 மில்லிகிராம் சேர வேண்டுமென்றால் அரைக் கிலோவாவது தின்ன வேண்டியிருக்கும். ஆய்வு காட்டுவது வேறொன்று. சில காய்களில் இரும்பைக் கட்டிவைக்கும் பொருள்கள் உண்டு, சிலவற்றில் இரும்பை அவிழ்த்துவிடும் அமிலங்கள் உண்டு. இரண்டும் ஒரே வயிற்றில் ஒரே வேளையில் சேரும்போது அவிழ்ப்பது கட்டுவதை ஓரளவு வெல்கிறது.

தாவரங்களிலுள்ள இரும்பு பெரும்பாலும் ஃபெரிக் என்ற வடிவில் இருக்கிறது. இரைப்பையின் அமிலத்தில் அது கரைந்துவிடும். அங்கிருந்து முன்சிறுகுடலுக்கு வந்ததும் அமிலம் தணிகிறது. ஃபெரிக் இரும்பு மறுபடி கரையாத துகளாக மாறத் தொடங்குகிறது. குடற்சுவரிலுள்ள கடத்தும் புரதமோ ஃபெரஸ் வடிவத்தை மட்டுமே உள்ளே அனுப்பும். இந்த இடத்தில் வைட்டமின் சி இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஃபெரிக்கை ஃபெரஸாக மாற்றுகிறது. இரும்போடு தானும் பிணைந்து, குடலிலும் அதைக் கரைந்த நிலையிலேயே வைத்திருக்கிறது. இதற்கு நேர் எதிரான வேலையைச் செய்பவை தானியம், பருப்புகளிலுள்ள ஃபைட்டேட்டும், தேநீர், காபி, கத்தரிக்காய்த் தோல், கேழ்வரகின் மேலுறை ஆகியவற்றிலுள்ள பாலிஃபீனால்களும். இவை இரும்பைப் பிடித்துக்கொண்டால் விடாது.

ஃபைட்டேட்டைத் திட்டுவதில் அர்த்தமில்லை. விதை முளைக்கும்போது தேவைப்படும் பாஸ்பரஸின் சேமிப்பு அது. அதனால்தான் ஊறவைத்து முளைகட்டும்போது விதை தானே ஃபைட்டேஸ் என்ற நொதியைக் கிளப்பி அதைக் கரைக்கத் தொடங்குகிறது. மாவு புளிக்கும்போதும் இதுவே நடக்கிறது. லாக்டிக் அமிலம் சேரச் சேர அந்த நொதிக்கு உகந்த புளிப்பு வருகிறது. ராத்திரி ஆட்டி வைத்த இட்லி மாவும், இரண்டு நாள் புளித்த கேழ்வரகுக் கூழும் வேதியியல் கணக்கில் வெறும் அரிசி, உளுந்து, கேழ்வரகு அல்ல. பாக்கெட்டில் வரும் உடனடி ராகி மாவைப் பாலில் கரைத்துக் குடிக்கும்போது இந்த வேலை எதுவும் நடப்பதில்லை. கூழ் குடித்த பாட்டிக்கும் ராகி மால்ட் குடிக்கும் பேத்திக்கும் ஒரே தானியத்திலிருந்து ஒரே அளவு இரும்பு கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

வைட்டமின் சி சூட்டில் அழியக்கூடியது. கொதிக்கும் ரசத்தில் பிழிந்த எலுமிச்சைக்கும், அடுப்பை அணைத்து இறக்கிய பின் பிழிந்த எலுமிச்சைக்கும் நாக்கில் பெரிய வித்தியாசம் தெரியாது, குடலில் தெரியும். ஐதராபாத் நிறுவனம் வளரிளம் பருவத்தினரிடம் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான சோற்றுச் சாப்பாட்டோடு 100 கிராம் கொய்யாப்பழம் கொடுத்தபோது இரும்பு உட்கிரகிப்பு குறைந்தபட்சம் இரண்டு மடங்கானது. உணவை மாற்றவில்லை, மருந்து கொடுக்கவில்லை. ஒரு கொய்யா. மைசூரின் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் செய்த சோதனைக்குழாய் ஆய்வுகளில், பூண்டும் வெங்காயமும் தானியத்திலிருந்து இரும்பு வெளிப்படுவதைக் கூட்டின. மிளகாய் நேர்மாறு. தாய்லாந்தில் இளம்பெண்களிடம் நடந்த ஆய்வில் மிளகாய் சேர்த்த உணவில் உட்கிரகிப்பு 38 விழுக்காடு குறைந்தது. மஞ்சளால் ஒரு பாதிப்பும் இல்லை. காரக்குழம்பு வைக்காதே என்று எந்தச் சுகாதாரப் பணியாளரும் கிராமத்தில் போய்ச் சொல்லிவிட முடியாது, சொல்லவும் வேண்டாம்.

சொல்ல வேண்டியது டீ, காபியைப் பற்றி. பெங்களூரில் இளம் இந்தியப் பெண்களிடம் நடந்த, 2008இல் வெளிவந்த ஆய்வில், சோற்றுச் சாப்பாட்டோடு ஒரு கோப்பை தேநீர் சேர்ந்தாலே இரும்பு உட்கிரகிப்பு பாதியாகவோ அதற்கும் கீழாகவோ இறங்கியது. இன்னும் சுவையான தகவல் 1983இல் அமெரிக்க ஆய்வொன்றில் கிடைத்தது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு குடித்த காபியால் இரும்புக்கு எந்தச் சேதமும் இல்லை. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்ததோ, சாப்பாட்டோடு குடித்த அளவுக்கே கெடுத்தது. காரணம் எளிது. முன்பு குடித்தது இரைப்பையைக் கடந்து போயிருக்கும். பின்பு குடிக்கும்போது சாப்பாடு இன்னும் உள்ளேதான் இருக்கும்.

நம் வீடுகளில் பெண் சாப்பிடும் நேரத்தை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். விழுப்புரம் பக்கத்து அங்கன்வாடி ஒன்றில் சமையல் செய்முறை விளக்கம் நடந்தது. கர்ப்பிணிகளும் அவர்களின் மாமியார்களும் வந்திருந்தார்கள். மாமியார்களைக் கூப்பிட வேண்டும் என்பதில் அந்தக் கிராம சுகாதாரச் செவிலியர் பிடிவாதமாக இருந்தாராம். உலையில் என்ன வேகும் என்பதை முடிவு செய்பவர்கள் அவர்கள்தான். சுவர்ப் படத்தை அவர் தொடவே இல்லை. நேரே விஷயத்துக்கு வந்தார்.

"மத்தியானம் எத்தனை மணிக்குச் சாப்பிடுவ?"

"எல்லாரும் சாப்ட்ட பிறகுதான்க்கா. மூணு ஆவும்."

"டீ?"

"மூன்றரைக்கு மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வந்து போடுவேன்."

அந்த அரை மணி நேர இடைவெளியில்தான் முருங்கைக்கீரையின் பாதி காணாமல் போகிறது. செவிலியர் டீயை நிறுத்தச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அங்கேயே பேச்சு முடிந்திருக்கும். "களைச்சு வர்ற புள்ளைக்கு டீத்தண்ணி இல்லன்னா எப்படி நர்சம்மா?" என்று ஒரு மாமியார் கேட்கவே செய்தார். "குடிக்கட்டும் பெரியம்மா. சாப்பாட்டுக்கு முன்னாடி பன்னெண்டு மணிக்குக் குடிக்கட்டும். இல்லையா, விளக்கு வச்ச பிறகு குடிக்கட்டும். சோத்துக்குப் பக்கத்துல மட்டும் வேணாம்."

பிறகு அடுப்பைப் பற்றவைத்தார்கள். பாசிப்பருப்பைக் குழையாமல் மலர வேகவைத்து, எண்ணெயில் கடுகு, சின்ன வெங்காயம், நிறையப் பூண்டு தாளித்து, உருவிய முருங்கைக்கீரையைப் போட்டு, மூடாமல், நிறம் மாறுவதற்குள் இறக்கினார்கள். இறக்கிய பின் எலுமிச்சை. மூடாமல் சமைப்பது பச்சை நிறம் போகாமல் இருக்க. சீக்கிரம் இறக்குவது ஃபோலேட் என்ற வைட்டமினுக்காக. நேரம் போகப் போக அது அழியும், வடித்துக் கொட்டும் தண்ணீரோடும் போய்விடும். எண்ணெய், கீரையிலுள்ள பீட்டா கரோட்டின் உடலில் சேர. பூண்டும் எலுமிச்சையும் இரும்புக்கு. ஒரு பொரியலில் இத்தனை வேலை. சித்திரை மாதத்தில் எலுமிச்சை ஒன்று பத்து ரூபாய்க்குப் போகும்போது என்ன செய்வது என்று ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி. மாங்காய் காய்க்கும் மாதம் அது. பச்சை மாங்காய்க் கீற்று இரண்டைத் தொட்டுக்கொண்டாலும் அதே வேலை நடக்கும். மற்ற மாதங்களில் கொய்யா, நெல்லிக்காய், பச்சைத் தக்காளி வெங்காயப் பச்சடி.

தமிழர்களில் மிகப் பெரும்பாலானோர் அசைவம் உண்பவர்கள்தான். ஆனால் கறி ஞாயிற்றுக்கிழமைக்குரியது; அன்றும் நல்ல துண்டு யார் தட்டில் விழும் என்பது எல்லோருக்கும் தெரியும். வாரத்தின் மற்ற நாள்களில் சட்டியில் கொதிப்பது பெரும்பாலும் தாவரமே. எனவே தாவர உணவிலிருந்து இரும்பை எடுப்பது சைவக் குடும்பங்களின் தனிப்பிரச்சினை அல்ல.

கூட்டம் கலையும் நேரத்தில் ரேஷன் அரிசிப் பேச்சு வந்தது. அப்போது ரேஷனில் வந்துகொண்டிருந்தது செறிவூட்டப்பட்ட அரிசி. இரும்பு, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 கலந்து அரிசி வடிவில் வார்த்த மணிகளை 100க்கு 1 என்ற விகிதத்தில் கலந்திருப்பார்கள். அந்த மணிகள் நிறத்தில் சற்று மாறுபடும், தண்ணீரில் மிதக்கும். 'பிளாஸ்டிக் அரிசி' என்று பலர் அவற்றைப் பொறுக்கி எறிந்தார்கள். முறத்தில் புடைத்துக் கல்லும் நெல்லும் பொறுக்கியே பழகிய கை, வித்தியாசமாக இருப்பதை எடுத்து எறியத்தான் செய்யும். குறை அந்தக் கையில் இல்லை. அரிசியை வீட்டுக்கு அனுப்பியவர்கள் அதைப் பற்றிய செய்தியைக் கூடவே அனுப்பாததில் இருக்கிறது.

இதுவரை ரத்தசோகை என்றாலே இரும்புக் குறைவு என்பதுபோலப் பேசிவிட்டேன். அது அப்படி இல்லை என்று கண்டுபிடிக்கப்பட்ட கதையில் தமிழ்நாட்டுக்குப் பங்குண்டு. 1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். கர்ப்பிணிகளான ஏழைப் பெண்களிடம் ஒருவகைக் கடுமையான ரத்தசோகை. சிவப்பணுக்கள் சிறுத்திருப்பதற்குப் பதில் பருத்திருந்தன. 1929இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும், 1931இல் சென்னையில் இன்றும் சனங்கள் 'கோஷா ஆஸ்பத்திரி' என்று சொல்லும் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையிலும் அவர் வேலை செய்தார். அந்தப் பெண்கள் உண்ட உணவையே ஆய்வுக்கூட விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். கடைசியில் மார்மைட் என்ற மலிவான ஈஸ்ட் சாறு அந்தச் சோகையைக் குணமாக்கியது. அதில் என்ன இருந்தது என்பது பத்தாண்டுகளுக்குப் பிறகே தெளிவானது. 1941இல் கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ஃபோலிக் அமிலம் அது. இன்று கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் சத்து மாத்திரையில் இரும்போடு 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் இருப்பதன் வேர் அங்கே இருக்கிறது.

பி12 இன்னொரு காரணம். எந்தக் கீரையிலும் எந்தப் பருப்பிலும் அது கிடைக்காது. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சியில்தான் உண்டு. பாலையும் விலக்கிய முழுத்தாவர உணவுக்காரர்கள் மாத்திரையாகவோ செறிவூட்டிய உணவாகவோ எடுத்தே ஆக வேண்டும். இதில் சமரசத்துக்கு இடமில்லை. இயற்கை உணவு மேடைகளில் இதைச் சொல்லாமல் விடுபவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. கொக்கிப்புழு, அதிக மாதவிடாய்ப் போக்கு, தொடர்ந்து நீடிக்கும் தொற்று, பரம்பரை ஹீமோகுளோபின் கோளாறு என்று பட்டியல் இன்னும் நீளும்.

காரணத்தைப் பார்க்காமல் தீர்வை எடுத்துக்கொண்டு ஊருக்குள் போனால் என்ன ஆகும் என்பதற்குக் கம்போடியா ஓர் உதாரணம். எத்தியோப்பியாவில் அலுமினியப் பாத்திரத்துக்குப் பதில் இரும்புப் பாத்திரத்தில் சமைத்துக் கொடுத்த குழந்தைகளின் ஹீமோகுளோபின் ஓராண்டில் கூடுதலாக உயர்ந்தது என்று 1999இல் ஓர் ஆய்வு வந்திருந்தது. நம் இரும்புச் சட்டியில் புளிக்குழம்பு வைத்தால் நடப்பதும் அதே வேதியியல். புளிப்பு இரும்பைக் கரைக்கும். கம்போடியாவில் சட்டிக்குப் பதிலாக, குழம்புப் பானையில் போட ஓர் இரும்புக் கட்டி கொடுத்தார்கள். வெறும் கட்டியைப் பெண்கள் பானையில் போடவில்லை. அதிர்ஷ்டம் தரும் மீனாக அங்குள்ளவர்கள் கருதும் மீனின் உருவில் வார்த்துக் கொடுத்ததும் போட்டார்கள். உலகெங்கும் பத்திரிகைகள் இதைக் கொண்டாடின. 2017இல் வெளிவந்த முறையான ஒப்பீட்டு ஆய்வில், அந்த மீனால் ரத்தசோகை குறையவில்லை என்று தெரிந்தது. அந்தப் பெண்கள் பலருக்கு இருந்தது இரும்புக் குறைவே அல்ல. பரம்பரையாக வரும் ஹீமோகுளோபின் வேறுபாடுகள். மக்களின் மனத்தைப் படித்தவர்கள், ரத்தத்தைப் போதுமான அளவு படிக்கவில்லை.

இரும்புக் குறைவுதான் என்று உறுதியான பிறகும், சாப்பாட்டால் மட்டும் சரிசெய்துவிடலாமா? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 50 கிலோ எடையுள்ள பெண்ணின் உடம்பில் சுமார் 3.2 லிட்டர் ரத்தம். ஹீமோகுளோபின் 100 மில்லிலிட்டருக்கு 1 கிராம் உயர வேண்டுமென்றால் அத்தனை ரத்தத்துக்கும் சேர்த்து ஏறக்குறைய 110 மில்லிகிராம் இரும்பு தேவை. 8இலிருந்து 12க்கு வர 440 மில்லிகிராம். எலுமிச்சை, கொய்யா, டீ நேரம் எல்லாவற்றையும் சரியாகச் செய்து, அன்றாட இழப்பு போக நாளுக்கு அரை மில்லிகிராம் மிச்சம் பிடித்தாலும் 880 நாள் ஆகும். இரண்டரை ஆண்டு. பிள்ளை பிறந்து நடக்கத் தொடங்கியிருக்கும். 60 மில்லிகிராம் மாத்திரையில் பத்தில் ஒரு பங்கு ஏறினாலே அதே வேலை இரண்டரை மாதத்தில் முடியும். எனவே "மாத்திரை வேணாம், கீரையே போதும்" என்று 8 பாயிண்ட் ரத்தத்தோடு இருப்பவளிடம் சொல்வது அன்பான பேச்சாகத் தோன்றலாம். ஆபத்தான பேச்சு அது.

மாத்திரை ஏன் பரணுக்குப் போகிறது என்பதும் ஊரில் எல்லோருக்கும் தெரியும். குமட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது, பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். மலம் கறுப்பது உள்ளே போகாத இரும்பால். பிள்ளையின் நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இதை மாத்திரை கொடுக்கும்போதே சொல்லிவிட்டால் பாதிப் பயம் போகும். கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் குடலின் வாயிற்காவலன். ஒரு வேளை இரும்பு அதிகம் வந்ததும் அடுத்த நாள் கதவைக் கொஞ்சம் சாத்திவிடும். அதனால் ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்தால் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் கூடுதல் இரும்பு ஏறுகிறது என்று சூரிச்சில் நடந்த ஆய்வுகள் 2017இல் காட்டின. கர்ப்பிணிகளுக்கு அரசுத் திட்டம் தினமும் ஒன்று, 180 நாள் என்றுதான் இன்றும் சொல்கிறது; தாமாக நாளைக் குறைத்துக்கொள்ளாமல் மருத்துவரைக் கேட்பதே சரி. மாத்திரையை டீயோடு விழுங்காமல் இருப்பதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

ஹீமோகுளோபின் 12ஐத் தொட்டதும் பலர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். அப்போது நிரம்பியிருப்பது ரத்தம் மட்டும். கல்லீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் இருக்க வேண்டிய இருப்பு காலியாகவே கிடக்கும். அதை நிரப்ப இன்னும் மூன்று மாதம் வரை மாத்திரை தேவைப்படும். இருப்பு நிரம்பிய பிறகு நாளுக்கு அந்த 2.3 மில்லிகிராமை விடாமல் கொடுப்பது புளித்த மாவு, பருப்பு போட்ட கீரை, இறக்கியபின் பிழிந்த எலுமிச்சை, தள்ளி வைத்த டீ ஆகியவற்றின் பொறுப்பு. அவள் மூன்று மணிக்குப் பதில் ஒரு மணிக்கே மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டால், மூன்றரை மணி டீயைப் பற்றி யாரும் கவலைப்படத் தேவையில்லை.